சிறப்புக் கல்வி ஆசிரியர்களைத் தக்கவைத்தலில் பள்ளித் தலைமையின் பங்கு

சிறப்புக் கல்வி ஆசிரியர்களைத் தக்கவைத்தல் என்பது, மாற்றுத்திறன் மாணவர்களுக்குக் கற்பிக்கப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் தங்கள் பணியிலும் பள்ளியிலும் தொடர்ந்து நீடிக்கும்படி செய்வதைக் குறிக்கும். அமெரிக்க ஐக்கிய நாட்டின் அரசுப் பள்ளிகளில் இது பல பத்தாண்டுகளாகத் தீராத சிக்கலாக இருந்து வருகிறது. ஆண்டுதோறும் புதியவர்கள் பணியில் சேர்கிறார்கள். ஆனாலும் இடங்கள் காலியாகவே இருக்கின்றன, ஏனென்றால் ஏற்கெனவே இருப்பவர்கள் வெளியேறிக்கொண்டே இருக்கிறார்கள். இவ்வாறு வெளியேறுவதற்கான காரணங்களை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்ட ஒன்று, பள்ளித் தலைமையாசிரியரின் ஆதரவு அல்லது அது இல்லாமை.

'ஆதரவு' என்ற சொல் இங்கே எளிதில் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. தலைமையாசிரியர் கனிவாகப் பேசுவதும் ஆண்டு விழாவில் பாராட்டுவதும் மட்டும் ஆதரவு ஆகிவிடாது. ஒரு சிறப்புக் கல்வி ஆசிரியர் எத்தனை மாணவர்களுக்குப் பொறுப்பேற்கிறார், கற்பிக்கவும் எழுதவும் அவருக்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது, சக ஆசிரியர்கள் அவரை எப்படிப் பார்க்கிறார்கள் என்பவற்றைத் தீர்மானிப்பதில் தலைமையாசிரியருக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த வேலையைச் செய்து முடிக்கக்கூடிய ஒன்றாக அவர் அமைத்துத் தருகிறாரா என்பதே முதன்மையான கேள்வி.

சட்டப் பின்னணி

அமெரிக்காவில் சிறப்புக் கல்வி ஆசிரியரின் வேலை ஏன் இவ்வளவு கடினமானது என்பதைப் புரிந்துகொள்ள, அந்த வேலையை உருவாக்கிய சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1970களின் தொடக்கம் வரை பல மாநிலங்களில் மாற்றுத்திறன் குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்க மறுப்பது சட்டப்படியே நடந்தது. பென்சில்வேனியாவிலும் தலைநகர் வாஷிங்டனிலும் பெற்றோர் தொடுத்த வழக்குகளில் 1972ஆம் ஆண்டளவில் வந்த தீர்ப்புகள் இந்த நிலையை அசைத்தன. 1975 நவம்பர் 29 அன்று குடியரசுத் தலைவர் ஜெரால்டு ஃபோர்டு 'ஊனமுற்ற குழந்தைகள் அனைவருக்கும் கல்விச் சட்டம்' என்னும் சட்டத்தில் கையெழுத்திட்டார். நாட்டில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பள்ளிகளிலிருந்து முழுமையாக விலக்கி வைக்கப்பட்டிருப்பதாக நாடாளுமன்றம் அப்போது பதிவு செய்தது. 1990இல் இச்சட்டம் 'மாற்றுத்திறன் கொண்டோர் கல்விச் சட்டம்' என்று பெயர் மாற்றம் பெற்றது. 2004இல் பெரிய அளவில் திருத்தப்பட்டது.

இச்சட்டத்தின் மையம் 'தனிநபர் கல்வித் திட்டம்'. தகுதியுள்ள ஒவ்வொரு மாணவருக்கும் அவருடைய தற்போதைய திறன் நிலை, ஓராண்டுக்கான இலக்குகள், அவற்றை அடையப் பள்ளி அளிக்கும் சேவைகள் ஆகியவை எழுத்தில் வரையப்பட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது இத்திட்டத்தை மறுபரிசீலனை செய்ய வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாணவரின் தேவைகளை மறுமதிப்பீடு செய்ய வேண்டும். கூட்டத்தில் பெற்றோர், பொது வகுப்பு ஆசிரியர், சிறப்புக் கல்வி ஆசிரியர் ஆகியோருடன் கல்வி மாவட்டத்தின் பிரதிநிதி ஒருவரும் இருக்க வேண்டும். பல பள்ளிகளில் தலைமையாசிரியரோ துணைத் தலைமையாசிரியரோதான் அந்தப் பிரதிநிதி.

2017இல் என்ட்ரூ என்ற மாணவரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ஒரு தீர்ப்பு வழங்கியது. பெயரளவிலான முன்னேற்றம் போதாது, அந்தக் குழந்தையின் நிலைக்கு ஏற்ற முன்னேற்றத்தைத் தரக்கூடியதாகத் திட்டம் இருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். மாணவர்களுக்கு இது பெரும் வெற்றி. அந்தத் திட்டத்தைத் தயாரித்து நடைமுறைப்படுத்தும் ஆசிரியர் மீதான எதிர்பார்ப்பும் இதனால் உயர்ந்தது.

2022-23 கல்வியாண்டில் ஏறத்தாழ 75 லட்சம் மாணவர்கள் இச்சட்டத்தின் கீழ்ச் சேவை பெற்றனர். இது அரசுப் பள்ளி மாணவர்களில் சுமார் 15 விழுக்காடு. இவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பள்ளி நேரத்தின் பெரும்பகுதியைப் பொது வகுப்பறையிலேயே கழிக்கின்றனர். ஆகவே சிறப்புக் கல்வி ஆசிரியர் தனி அறையில் இருந்து தனியே கற்பிப்பவர் அல்லர். நாள் முழுவதும் பல வகுப்பறைகளுக்குச் சென்று, பல ஆசிரியர்களோடு சேர்ந்து இயங்குபவர்.

விலகலின் வகைகள்

'ஆசிரியர் போய்விட்டார்' என்று பொதுவாகச் சொன்னாலும், அந்தப் போக்கில் வேறுபாடுகள் உண்டு. ஆய்வாளர்கள் அதை மூன்றாகப் பிரிக்கின்றனர்.

முதலாவது, ஆசிரியப் பணியையே விட்டுச் செல்வது. இரண்டாவது, சிறப்புக் கல்வியை விட்டுவிட்டுப் பொது வகுப்பு ஆசிரியராக மாறுவது. மூன்றாவது, சிறப்புக் கல்வியிலேயே இருந்துகொண்டு வேறு பள்ளிக்கு மாறுவது.

பள்ளித் தலைமையைப் பற்றிப் பேசும்போது இரண்டாவது, மூன்றாவது வகைகள் கவனிக்கத்தக்கவை. இவர்கள் கற்பிப்பதை வெறுத்து விலகியவர்கள் அல்லர். இரண்டாம் வகையினர் அதே பள்ளியில் எதிர் அறையில்கூட இருக்கலாம். பிள்ளைகளோடு இருக்க விரும்புகிறார்கள், ஆனால் அந்தக் குறிப்பிட்ட வேலையில் இருக்க முடியவில்லை. மூன்றாம் வகையினர் அந்த வேலையையும் விரும்புகிறார்கள், அந்தப் பள்ளியில்தான் அதைச் செய்ய முடியவில்லை.

சமூகவியலாளர் ரிச்சர்ட் இங்கர்சால் 2001இல் வெளியிட்ட ஆய்வு இப்பார்வைக்கு வலுச் சேர்த்தது. தேசிய அளவிலான கணக்கெடுப்புத் தரவுகளை ஆராய்ந்த அவர், ஆசிரியர் பற்றாக்குறைக்குப் புதியவர்கள் போதுமான அளவில் வராததைவிட, வந்தவர்கள் ஓய்வு பெறும் வயதுக்கு முன்பே போய்விடுவதே பெரிய காரணம் என்றார். ஓட்டைப் பானையில் எவ்வளவு நீர் ஊற்றினாலும் நிறையாது என்பது போன்றதே இது. சிறப்புக் கல்வி, பல ஆண்டுகளாகப் பெரும்பாலான மாநிலங்களின் பற்றாக்குறைப் பட்டியலில் இடம்பெற்று வரும் துறையாகும்.

மாணவருக்கு ஏற்படும் இழப்பு

எந்த ஆசிரியர் போனாலும் மாணவருக்கு இழப்புதான். சிறப்புக் கல்வியில் அந்த இழப்பின் தன்மை வேறு.

பேச்சு வராத ஒரு சிறுவன் பசியை எப்படிக் காட்டுவான், எந்தச் சத்தம் அவனை அச்சுறுத்தும், அழுகை தொடங்குவதற்கு முன் அவன் கைகள் என்ன செய்யும் என்பதெல்லாம் எந்தப் படிவத்திலும் முழுமையாக எழுதப்படுவதில்லை. ஆட்டிசம் உள்ள ஒரு குழந்தை புதிய முகத்தை நம்பப் பல மாதங்கள் ஆகலாம். ஆசிரியர் பாதி ஆண்டில் போகும்போது இந்த அறிவும் அவரோடு போய்விடுகிறது. அடுத்து வருபவர் கோப்பைப் படித்துத் தொடங்குகிறார். குழந்தையோ மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது.

பெற்றோருக்கும் இது சோர்வு தருவது. ஒவ்வோர் ஆண்டும் புதிய ஒருவரிடம் தம் குழந்தையைப் பற்றி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. காலியிடத்தை நிரப்ப முழுத் தகுதி பெறாதவர்களைத் தற்காலிக அனுமதியில் நியமிப்பதும் பரவலாக நடக்கிறது. அதிகப் பயிற்சி தேவைப்படும் மாணவர்களிடம் குறைந்த பயிற்சி பெற்றவர் வந்து சேர்கிறார். இந்த விலகல்கள் எல்லாப் பள்ளிகளையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. வறுமை மிகுந்த பகுதிகளின் பள்ளிகளே அதிகம் பாதிக்கப்படுகின்றன.

ஏன் விலகுகிறார்கள்?

சிறப்புக் கல்வி ஆசிரியர் விலகல் குறித்த ஆய்வுகளைத் தொகுத்தவர்களில் வர்ஜீனியாவைச் சேர்ந்த பேராசிரியர் பானி பில்லிங்ஸ்லி முக்கியமானவர். 2004இல் அவர் வெளியிட்ட தொகுப்பாய்வும், 2019இல் எலிசபெத் பெட்டினியுடன் சேர்ந்து எழுதிய தொகுப்பாய்வும் இத்துறையில் அடிப்படையானவை. வயது, அனுபவம், பயிற்சி போன்ற தனிநபர்க் கூறுகளும் ஊதியமும் விலகலைப் பாதிக்கின்றன. அவற்றோடு பள்ளியின் பணிச்சூழலும் தொடர்ந்து முக்கியக் காரணமாக வெளிப்படுகிறது. தலைமையின் ஆதரவு, சக ஆசிரியர்களின் ஒத்துழைப்பு, பணிச்சுமை, பொறுப்புகளில் தெளிவு ஆகியவை அதில் அடங்கும்.

இளம் ஆசிரியர்களிடம் விலகல் அதிகம். ஜூடித் சிங்கர் 1993இல் வெளியிட்ட ஆய்வு, மிச்சிகன், வட கரோலினா மாநிலங்களின் சிறப்புக் கல்வி ஆசிரியர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. பணியின் தொடக்க ஆண்டுகளே மிகவும் ஆபத்தான காலம் என்பது அதில் தெரிந்தது. அந்த ஆண்டுகளைக் கடந்தவர்கள் நீடிக்கும் வாய்ப்பு கூடுகிறது.

எழுத்துப் பணி மற்றொரு காரணம். 2000ஆம் ஆண்டையொட்டி அமெரிக்கக் கல்வித் துறையின் ஆதரவுடன் நடந்த தேசிய அளவிலான ஆய்வு ஒன்று, சிறப்புக் கல்வி ஆசிரியர் வாரத்துக்குச் சுமார் 5 மணி நேரத்தைப் படிவங்களிலும் நிர்வாக எழுத்து வேலைகளிலும் செலவிடுவதாகக் கண்டது. பாடம் தயாரிக்கச் செலவிடும் நேரத்துக்கு இது ஏறத்தாழ இணையானது.

உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் பணிச்சோர்வை மூன்று கூறுகளாக விளக்கினார். உணர்வு வற்றிப்போதல், மனிதர்களிடமிருந்து மனத்தளவில் விலகி நிற்றல், தன்னால் எதுவும் சாதிக்க முடியவில்லை என்ற எண்ணம் ஆகியவை அவை. செய்ய வேண்டியது என்னவென்று தெரிந்தும், அதைச் செய்ய நேரமும் வழியும் இல்லாமல் நாட்கள் கழியும்போது மூன்றாவது கூறு வலுப்பெறுகிறது. 'இந்தக் குழந்தைக்கு நான் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை' என்ற குற்ற உணர்வோடு தினமும் வீடு திரும்புபவர் நீண்ட நாள் தாங்க மாட்டார்.

நான்கு வகை ஆதரவு

சமூக ஆதரவு பற்றி ஜேம்ஸ் ஹவுஸ் 1981இல் எழுதிய நூலில் ஆதரவை நான்கு வகையாகப் பிரித்தார். 1994இல் வர்ஜீனியாவில் நடந்த ஆய்வொன்றில் பில்லிங்ஸ்லியும் அவருடைய சக ஆய்வாளர்களும் இதே பிரிவைக் கொண்டு தலைமையாசிரியரின் ஆதரவை அளந்தனர். இன்றும் இத்தலைப்பில் எழுதுவோர் பலர் இப்பிரிவைப் பயன்படுத்துகின்றனர்.

உணர்வு சார்ந்த ஆதரவு: ஆசிரியரை மதித்தல், அவர் சொல்வதைக் கேட்டல், அவருடைய தொழில்முறை முடிவுகளை நம்புதல். மேற்சொன்ன ஆய்வில் ஆசிரியர்கள் மிக முக்கியமானதாகக் கருதியது இதையே.

மதிப்பீடு சார்ந்த ஆதரவு: வேலையைப் பார்த்துப் பயனுள்ள கருத்துச் சொல்லுதல், என்ன எதிர்பார்க்கப்படுகிறது என்பதைத் தெளிவாக்குதல்.

கருவி சார்ந்த ஆதரவு: நேரம், இடம், பொருட்கள், உதவியாளர் ஆகியவற்றை நேரடியாகக் கிடைக்கச் செய்தல்.

தகவல் சார்ந்த ஆதரவு: சட்ட மாற்றங்கள், புதிய கற்பித்தல் முறைகள், பயிற்சி வாய்ப்புகள் ஆகியவற்றைத் தெரியப்படுத்துதல்.

நான்கும் தனித்தனியானவை அல்ல. 'உங்கள் வேலையை மிகவும் மதிக்கிறேன்' என்று சொல்லும் தலைமையாசிரியர், அதே வாரத்தில் மூன்று முறை அவரை வராத ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக்கொள்ள அனுப்பினால், அந்த மதிப்பு வெறும் சொல்லாகிவிடும். உணர்வு சார்ந்த ஆதரவு உண்மையானதா என்பதை ஆசிரியர்கள் கருவி சார்ந்த ஆதரவைக் கொண்டே எடைபோடுகிறார்கள்.

வேலையை வடிவமைத்தல்

ரஸ்ஸல் கெர்ஸ்டனும் சக ஆய்வாளர்களும் 2001இல் வெளியிட்ட ஆய்வு, பெருநகரக் கல்வி மாவட்டங்களின் சிறப்புக் கல்வி ஆசிரியர்கள் பணியில் நீடிக்க விரும்புவதைப் பாதிக்கும் காரணங்களை ஆராய்ந்தது. 'பணி வடிவமைப்பு' என்ற கருத்தை அது முன்னிறுத்தியது. இந்த வேலை, அதன் எல்லாப் பகுதிகளையும் சேர்த்துப் பார்க்கும்போது, ஒரு மனிதரால் செய்யக்கூடியதுதானா என்பதே அதன் அடிப்படைக் கேள்வி. இந்த வடிவமைப்பில் தலைமையாசிரியரின் கை எங்கெல்லாம் படுகிறது என்று பார்க்கலாம்.

நேர அட்டவணை

பள்ளி அட்டவணையில் சிறப்புக் கல்வி எப்போது நுழைகிறது என்பது முதல் கேள்வி. கணிதம், அறிவியல், உடற்கல்வி, உணவு இடைவேளை எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு மிச்சமிருக்கும் கட்டங்களில் சிறப்புக் கல்வியைப் பொருத்தினால், ஓர் ஆசிரியரின் மாணவர்கள் ஒரே நேரத்தில் நான்கு அறைகளில் சிதறிக் கிடப்பார்கள். அவர் எந்த அறைக்குப் போனாலும் மற்ற மூன்று அறைகளில் சட்டம் கட்டாயமாக்கிய சேவை நடக்காது. இதைத் தவிர்க்க விரும்பும் தலைமையாசிரியர், மாணவர்களின் தனிநபர் திட்டங்களை முதலில் மேசையில் வைத்து, அவற்றைச் சுற்றி அட்டவணையை அமைக்கிறார்.

பொது வகுப்பு ஆசிரியரும் சிறப்புக் கல்வி ஆசிரியரும் ஒரே வகுப்பில் சேர்ந்து கற்பிக்கும் முறை இன்று பரவலாக உள்ளது. இருவருக்கும் சேர்ந்து திட்டமிட ஒரு பொது ஓய்வுப் பாடவேளை இல்லாவிட்டால், சிறப்புக் கல்வி ஆசிரியர் வகுப்புக்குள் நுழைந்த பிறகுதான் அன்றைய பாடம் என்னவென்றே அறிவார். அவர் ஆசிரியர் என்ற நிலையிலிருந்து உதவியாளர் நிலைக்கு இறங்கிவிடுவார். அந்த ஒரு பாடவேளையைத் தருவதும் தராததும் அட்டவணை போடுபவரின் முடிவு.

எண்ணிக்கையும் பிற வேலைகளும்

ஒருவரின் பொறுப்பில் எத்தனை மாணவர்கள் என்பது தலையை எண்ணும் கணக்கு மட்டுமல்ல. வாசிப்பில் மட்டும் உதவி தேவைப்படும் 15 பேரும், நாள் முழுவதும் அருகில் இருக்க வேண்டிய 6 பேரும் ஒரே சுமை அல்ல. தேவையின் ஆழத்தைப் பார்த்துப் பகிர்ந்தளிக்கத் தெரிந்த தலைமையாசிரியருக்குச் சிறப்புக் கல்வியைப் பற்றிய அறிவு தேவை.

எழுத்துப் பணியைத் தலைமையாசிரியரால் ஒழிக்க முடியாது, அது சட்டத்திலிருந்து வருவது. ஆனால் கூட்டங்களுக்கு நேரம் குறிப்பது, பெற்றோருக்கு அறிவிப்பு அனுப்புவது, நகலெடுப்பது போன்றவற்றை அலுவலகப் பணியாளரிடம் மாற்றிவிடலாம். திட்டம் எழுதும் நாட்களில் வகுப்பைக் கவனிக்க மாற்று ஆசிரியரை ஏற்பாடு செய்யலாம். வராத ஆசிரியரின் இடத்தை நிரப்பச் சிறப்புக் கல்வி ஆசிரியரை இழுக்கும் வழக்கத்தை நிறுத்தலாம். அந்த வழக்கம் ஒரு செய்தியைச் சொல்கிறது: 'உங்கள் மாணவர்கள் காத்திருக்கலாம்.'

'யாருடைய மாணவர்?'

பள்ளியின் மனப்பான்மையை அறிய ஓர் எளிய அடையாளம் உண்டு. பொது வகுப்பில் ஒரு மாற்றுத்திறன் மாணவர் சத்தமிடும்போது, அந்த ஆசிரியர் 'என் மாணவர்' என்று நடந்துகொள்கிறாரா, 'உங்கள் பிள்ளையை அழைத்துப் போங்கள்' என்று சிறப்புக் கல்வி ஆசிரியருக்கு ஆள் அனுப்புகிறாரா? இரண்டாவது வகைப் பள்ளியில் சிறப்புக் கல்வி ஆசிரியர் எப்போதும் தீயணைப்பு வீரர்போல் ஓடிக்கொண்டிருப்பார். ஆசிரியர் அறையில் அவருக்கு நெருங்கிய துணையும் இராது.

இந்த மனப்பான்மையை ஒரு சுற்றறிக்கையால் மாற்ற முடியாது. தலைமையாசிரியர் என்ன செய்கிறார் என்பதைப் பார்த்தே மற்றவர்கள் பழகுகிறார்கள். தனிநபர் திட்டக் கூட்டத்தில் அவர் முழு நேரமும் உட்காருகிறாரா, கையெழுத்துக்கு மட்டும் வருகிறாரா? வகுப்பில் மாணவருக்குத் தர வேண்டிய கூடுதல் நேரத்தைத் தர மறுக்கும் பொது வகுப்பு ஆசிரியரிடம் அவரே பேசுகிறாரா, அதையும் சிறப்புக் கல்வி ஆசிரியரின் தலையில் கட்டுகிறாரா? சக ஆசிரியரிடம் சட்டத்தை நினைவூட்டும் வேலை சிறப்புக் கல்வி ஆசிரியருக்குப் பகையைத் தேடித் தரும். அதைத் தலைமையாசிரியர் செய்தால் அது பள்ளியின் விதியாகிறது.

ஒழுங்கு நடவடிக்கைகளிலும் இதே நிலை. மாற்றுத்திறன் மாணவர் ஒருவரைத் தொடர்ச்சியாக 10 பள்ளி நாட்களுக்கு மேல் விலக்கி வைக்கும்போது, அவருடைய நடத்தை அவரது மாற்றுத்திறனின் வெளிப்பாடா என்பதை ஆராய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இதை அறிந்த தலைமையாசிரியர் சிறப்புக் கல்வி ஆசிரியரிடம் முன்கூட்டியே கலந்து பேசுவார். அறியாதவர் முடிவெடுத்த பிறகு, பெற்றோரின் கோபத்தை அந்த ஆசிரியர் எதிர்கொள்ள விட்டுவிடுவார்.

புதிய ஆசிரியர்

தொடக்க ஆண்டுகளே ஆபத்தானவை என்பதால் புதியவரைப் பள்ளி எப்படி ஏற்கிறது என்பது முக்கியம். வழிகாட்டியாக மூத்த ஆசிரியர் ஒருவரை நியமிப்பது வழக்கம். அந்த வழிகாட்டி சிறப்புக் கல்வி தெரிந்தவராக இருந்தால் பயன் அதிகம். சிறந்த வரலாற்று ஆசிரியரால் புதியவருக்கு அன்பு காட்ட முடியும். தனிநபர் திட்டத்தின் இலக்கை எப்படி எழுதுவது என்று அவரால் சொல்ல முடியாது. சிறிய பள்ளியில் அப்படி ஒருவர் இல்லாவிட்டால், அருகிலுள்ள பள்ளியிலிருந்து ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும்.

வகுப்பறை உதவியாளர்களின் வேலையை மேற்பார்வையிடுவதும் சிறப்புக் கல்வி ஆசிரியரின் பொறுப்பாக அமைகிறது. முதல் ஆண்டில் இருக்கும் இளம் ஆசிரியர், தம் தாயின் வயதுள்ள உதவியாளருக்கு வேலை சொல்ல வேண்டியிருக்கலாம். யார் எதற்குப் பொறுப்பு என்பதைத் தலைமையாசிரியர் ஆண்டின் தொடக்கத்திலேயே இருவரையும் வைத்துக்கொண்டு தெளிவாக்கினால் பல உரசல்கள் எழாமலே போகும்.

வகுப்பைப் பார்வையிடுதல்

பொது வகுப்புக்காக உருவாக்கிய அளவுகோலை வைத்துச் சிறப்புக் கல்வி வகுப்பைப் பார்ப்பது ஆசிரியரை நோகச் செய்யும். ஒரு மாணவர் ஒரே சொல்லை இருபது முறை பயிற்சி செய்வது, வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சலிப்பூட்டும் பாடமாகத் தோன்றலாம். அந்த மாணவருக்கு அதுவே சரியான கற்பித்தலாக இருக்கலாம். தலைமையாசிரியர் எல்லாம் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை. பார்வையிடுவதற்கு முன் 'இன்று நான் எதைக் கவனிக்க வேண்டும்?' என்று கேட்டாலே பாதிச் சிக்கல் தீரும்.

ஊதிய உயர்வு மட்டும் போதுமா?

ஆசிரியர் பற்றாக்குறைக்கு ஊதிய உயர்வே நேரான தீர்வு என்று தோன்றும். ஹவாய் மாநிலம் இதைச் செய்து பார்த்தது. 2020 ஜனவரி முதல் சிறப்புக் கல்வி வகுப்பு ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு 10,000 டாலர் கூடுதலாக வழங்கத் தொடங்கியது. காலியிடங்கள் கணிசமாகக் குறைந்தன. இதை ஆராய்ந்தவர்கள், இந்தக் குறைவு பெரும்பாலும் பொது வகுப்பு ஆசிரியர்கள் சிறப்புக் கல்விக்கு மாறி வந்ததால் நேர்ந்தது என்று கண்டனர்.

பணம் பயனற்றது என்பது இதன் பொருள் அல்ல. சிறப்புக் கல்விக்குத் தகுதி பெற்றும் பொது வகுப்பில் இருந்தவர்களை அது திரும்ப அழைத்து வந்தது. ஆனால் பணம் ஒருவரை அறையின் வாசல் வரை கொண்டுவரும். அறைக்குள் அன்றாடம் நடப்பதே அவரை அங்கே நிறுத்தும். ஊதியமும் பணிச்சூழலும் ஒன்றுக்கொன்று மாற்று ஆகா, இரண்டும் தேவை.

தலைமையாசிரியர்களின் தடைகள்

இவ்வளவையும் படிக்கும்போது குற்றமெல்லாம் தலைமையாசிரியரிடம்தான் என்று தோன்றக்கூடும். அது நியாயமாகாது. அமெரிக்காவில் தலைமையாசிரியர் பயிற்சிப் படிப்புகள் பலவற்றில் சிறப்புக் கல்விக்கு மிகக் குறைந்த இடமே உண்டு. சட்டச் சிக்கலைத் தவிர்ப்பது எப்படி என்பது கற்பிக்கப்படும் அளவுக்கு, நல்ல சிறப்புக் கல்வி எப்படியிருக்கும் என்பது கற்பிக்கப்படுவதில்லை.

நிதியும் அவர்கள் கையில் முழுமையாக இல்லை. 1975இல் கூட்டாட்சி அரசு ஒரு வாக்குறுதி அளித்தது. நாட்டில் ஒரு மாணவருக்கு ஆகும் சராசரிக் கல்விச் செலவில் 40 விழுக்காடு வரை, ஒவ்வொரு சிறப்புக் கல்வி மாணவருக்காகவும் தான் தருவதாக அது கூறியது. அந்த அளவு இதுவரை ஒருமுறைகூட எட்டப்படவில்லை. மீதிச் சுமை மாநிலங்கள் மீதும் கல்வி மாவட்டங்கள் மீதும் விழுகிறது. எத்தனை ஆசிரியர் பணியிடங்கள் என்பதையும் மாவட்டமே முடிவு செய்கிறது. தலைமையாசிரியர்களும் அடிக்கடி மாறுகிறார்கள். நல்ல ஏற்பாட்டை ஒருவர் உருவாக்கிவிட்டுப் போனால், அடுத்தவர் வந்து பழைய அட்டவணைக்கே திரும்பக்கூடும்.

ஆய்வுகளின் வரம்புகள்

இத்துறை ஆய்வுகளைப் படிக்கும் மாணவர்கள் இரண்டு எச்சரிக்கைகளை மனத்தில் கொள்ள வேண்டும். முதலாவது, பல ஆய்வுகள் 'நீங்கள் பணியில் தொடர விரும்புகிறீர்களா?' என்று கேட்டு எண்ணத்தையே அளக்கின்றன. போக நினைப்பவர் எல்லாரும் போவதில்லை. இரண்டாவது, இவை பெரும்பாலும் தொடர்பைக் காட்டுகின்றனவே தவிரக் காரணத்தை நிறுவுவதில்லை. சோர்ந்துபோன ஆசிரியருக்குத் தலைமையாசிரியரின் நல்ல செயலும் குறையாகத் தெரியலாம். நல்ல தலைமையாசிரியர்கள் ஏற்கெனவே வசதியான பள்ளிகளில் இருப்பதும் சாத்தியம். இருப்பினும் வெவ்வேறு மாநிலங்களில், வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு முறைகளில் நடந்த ஆய்வுகள் ஒரே பக்கம் கைகாட்டும்போது அதைப் புறக்கணிக்க முடியாது.

இந்தியச் சூழலில்

இந்தியாவில் சிக்கல் இன்னும் ஒரு படி முன்னால் நிற்கிறது. இங்கே ஆசிரியரைத் தக்கவைக்கும் முன் பணியிடத்தையே உருவாக்க வேண்டியிருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உள்ளடங்கிய கல்வியை வலியுறுத்துகிறது. 2021 அக்டோபர் 28 அன்று ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம், தொடக்க வகுப்புகளில் 10 மாற்றுத்திறன் மாணவர்களுக்கு ஒரு சிறப்புக் கல்வி ஆசிரியர், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தைப் பின்பற்றுமாறு பணித்தது.

பல மாநிலங்களில் சிறப்புப் பயிற்றுநர்கள் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் ஒப்பந்த அடிப்படையில் பணிபுரிகின்றனர். ஒருவரே பல பள்ளிகளுக்குச் சென்று வருவதும் உண்டு. இந்த நிலையில் அவருக்குத் 'தன் பள்ளி' என்று ஒன்று இல்லை, 'தன் தலைமையாசிரியர்' என்று ஒருவரும் இல்லை. வாரத்தில் ஒரு நாள் வருபவருக்கு உட்கார ஓர் இடம், பிள்ளைகளை அழைத்துவர ஓர் ஏற்பாடு, வகுப்பாசிரியரோடு பேசப் பத்து நிமிடம் ஆகியவற்றை ஒதுக்குவது அந்தந்தப் பள்ளித் தலைமையாசிரியரின் மனத்தைப் பொறுத்தது. அமெரிக்க ஆய்வுகளின் எண்களை இங்கே அப்படியே பொருத்த முடியாது. ஆனால் பணியிடத்தோடு பணிச்சூழலையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும் என்ற பாடம் இங்கும் பொருந்தும்.

முடிவாக

சிறப்புக் கல்வி ஆசிரியரின் பொறுமையைப் பலரும் புகழ்வதுண்டு. அந்தப் புகழ்ச்சியில் ஓர் ஆபத்து இருக்கிறது. அவர் தாங்கிக்கொள்வார் என்று நம்பி, தாங்க முடியாத வேலையை அவரிடம் விட்டுவிடுகிறோம். அவர் விலகும்போது அது அவருடைய தனிப்பட்ட முடிவாகப் பதிவாகிறது. அரை நூற்றாண்டு அனுபவம் வேறொன்றைச் சொல்கிறது. அந்த முடிவின் பெரும்பகுதி அட்டவணை போடும் மேசையிலும், அறை ஒதுக்கும் பட்டியலிலும், யாரும் வராத கூட்டங்களிலும் முன்பே எழுதப்பட்டிருக்கிறது. அவற்றில் சிலவற்றையாவது மாற்றும் வாய்ப்பு பள்ளியின் தலைமைக்கு ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் கிடைக்கிறது.